கைக்கா, வாய்க்கா

எங்கள் ஊரில் கடைக்குப் போய் "வளையல் இருக்கா?" என்று கேட்டால், "கைக்கா, வாய்க்கா?" என்று திருப்பிக் கேட்பார்கள். வெளியூர்க்காரர்கள் முழிப்பார்கள். மாத்தளையில் பிறந்தவர்களுக்கு அதில் முழிக்க ஒன்றுமில்லை. கைக்கு என்றால் கண்ணாடி வளையல். வாய்க்கு என்றால் பண்டம். உளுந்து மாவைத் தேங்காய்ப்பாலில் கரைத்துப் புளிக்க வைத்து, ஓட்டை போட்ட சிரட்டையால் கொதிக்கிற எண்ணெயில் வளையம் வளையமாகச் சுற்றிப் பொரித்து, சூடு ஆறுவதற்குள் கித்துள் பனைப் பாகில், நாங்கள் அதைப் பாணி என்போம், முக்கி எடுப்பார்கள். சிங்களத்தில் உந்து வளலு, பாணி வளலு என்றெல்லாம் பெயர். வளலு என்றாலும் வளையல்தான். நாங்கள் முன்னாலிருப்பதை வெட்டிவிட்டு வெறும் வளையல் என்று வைத்துக்கொண்டோம்.

இதைப் பார்த்துவிட்டு "ஜாங்கிரிதானே?" என்று கேட்கிறவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. ஜாங்கிரியில் சீனி ஊறிக் கிடக்கும், அவ்வளவுதான். வளையலைக் கடித்தால் ஓடு மொறுக்கென்று உடையும். உள்ளே குழாய் முழுக்கப் பாணி நிற்கும், அது நாக்கில் பீறிடும். கவனமில்லாமல் கடித்தால் சட்டை போச்சு. தட்டில் வைத்து மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிற சமாச்சாரமில்லை இது. தெருவோரத்தில் நின்று, வாழையிலைத் துண்டில் வாங்கி, சூட்டோடு சூடாக வாயில் போட்டுக்கொண்டு, விரலை நக்கியபடி பஸ்சில் ஏற வேண்டும். நான் நல்ல ஊர்ப்பெருமைக்காரி. அதை மறைத்துப் பேசுகிற வயதெல்லாம் போய்விட்டது.

ஆனால் எங்கள் குடும்பம் எந்த நாட்டில் இருப்பது என்பது ஒரு சாயங்காலம் வளையல் சட்டிக்கு முன்னால்தான் முடிவானது என்று சொன்னால், என் பேரப்பிள்ளைகள்கூட நம்புவதில்லை. பாட்டிக்கு எதைச் சொன்னாலும் சாப்பாட்டில் கொண்டுவந்து முடிக்கத் தெரியும் என்கிறார்கள். நம்பாவிட்டால் போகட்டும், நான் சொல்கிறேன்.

அப்போது எங்களுக்குக் கல்யாணமாகிச் சில வருஷங்கள்தான். என் வீட்டுக்காரர் திருகோணமலை வீதியில் மிளகும் ஏலமும் கிராம்பும் வாங்கி விற்கிற சின்னக் கடை வைத்திருந்தார். அவருடைய அப்பா திருச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து தொடங்கிய கடை அது. இவர் பிறந்தது மாத்தளையில். நானும் அப்படித்தான், அம்மன் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற தெருவில். பிறந்து வளர்ந்து பிள்ளையும் பெற்றாகிவிட்டது. ஆனாலும் நாங்கள் எந்த நாட்டுப் பிரஜை என்று சொல்ல எந்த அரசாங்கமும் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு நாள் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து பேசி, அந்தக் கரையிலிருந்து வந்த எங்கள் ஆட்களில் இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று பங்கு பிரித்தார்கள். எங்களை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாலு வார்த்தை நன்றாகவே சொல்லியிருப்பேன். எந்தப் பக்கத்துக்கு விண்ணப்பம் போடுவது என்பதை மட்டும் எங்களிடம் விட்டார்கள். அதற்குத் தவணையும் வைத்தார்கள். கோயிலில், சந்தையில், கல்யாண வீட்டில் எங்கே போனாலும் "அங்கயா, இங்கயா?" என்பதுதான் பேச்சு.

எனக்கு அதில் யோசிக்க ஒன்றுமில்லை. இங்கேதான். என் வீட்டுக்காரருக்கும் மனதில் அதுதான் என்று எனக்குத் தெரியும். காலையில் கடை திறக்கும் முன் கைப்பிடி மிளகை எடுத்து மோந்து பார்த்து, "இது ரத்தோட்டைப் பக்கத்து மிளகு" என்று சொல்கிற மனுஷன் வேறெந்த ஊரில் போய் என்ன செய்வார்? அவருக்கு இருந்த ஒரே சிக்கல் அவருடைய அண்ணன்.

மூத்தார் சின்ன வயதிலிருந்தே கிராமத்தில் தாத்தாவோடு வளர்ந்தவர். மாமனார் மாத்தளையில் திடீரென்று காலமானபோது என் வீட்டுக்காரருக்கு மீசைகூட முளைக்கவில்லை. செய்தி கேட்டு அண்ணன் கப்பலேறி வந்தார். காரியம் முடிந்தும் போகவில்லை. தம்பி தனியாகத் தராசு பிடிக்கிற வரைக்கும் கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் ஊருக்குத் திரும்பினார். அன்றிலிருந்து என் வீட்டுக்காரருக்கு அண்ணன் என்றால் அப்பா இடம். அவர் கேட்டு இவர் ஒருநாளும் முடியாது என்று சொன்னதில்லை. அந்த வார்த்தை இவருக்குத் தெரியுமா என்றே எனக்குச் சந்தேகம் இருந்தது.

அந்த அண்ணன்தான், தவணை முடியப் போகிறது என்று தெரிந்து, மனைவியையும் கூட்டிக்கொண்டு தலைமன்னார் வழியாக வந்து இறங்கினார். எங்களைக் கூட்டிப் போகத்தான் வந்தார், மறைக்கவில்லை. வந்த அன்றைக்கே சொல்லிவிட்டார்.

"பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல உனக்குக் கடைக்கு இடம் பாத்தாச்சு. வீட்டுக்குக் கடக்கால் எடுத்தாச்சு. அந்தப் பக்கத்துக்கு ஒரு மனுவப் போட்டுட்டு வந்து சேர வேண்டியதுதான். நான் இருக்கறப்ப உனக்கு என்னடா கவலை?"

"பாக்கலாம்ண்ணே" என்றார் என் வீட்டுக்காரர்.

மறுநாளும் பார்க்கலாம். அதற்கு மறுநாளும் பார்க்கலாம். எனக்கு உள்ளே கொதித்தது. ஆனால் மூத்தாரோடு நேருக்கு நேர் நின்று பேசுகிற வழக்கம் எங்களில் இல்லை. தவிர, அவர் கெட்ட மனுஷரும் இல்லை. தம்பி பக்கத்தில் வேண்டும் என்று ஆசைப்படுகிறவரை எதைச் சொல்லித் திட்டுவது? ஒரு ராத்திரி என் முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் சொன்னார்: "அண்ணன்கிட்ட நான்தான் சொல்லணும். நீ வாயத் தொறந்துடாத. எனக்காக." நானும் சரி என்று சொல்லிவிட்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய வாக்கு என்று.

அவர்கள் ஊருக்குப் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால் சீகிரியா பார்க்கப் போவதென்று முடிவாயிற்று. கடைக்குப் பக்கத்து வீட்டு முஸ்லிம் நானாவிடம் பழைய ஆஸ்டின் கார் ஒன்று ஹயருக்கு இருந்தது. நானாவும் என் வீட்டுக்காரரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், மச்சான் என்றுதான் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொள்வார்கள். பிள்ளைகளை என் அம்மா வீட்டில் விட்டுவிட்டுப் பனி விலகுவதற்குள் கிளம்பினோம். முன்னால் நானாவும் மூத்தாரும். பின்னால் நாங்கள் மூன்று பேர், நடுவில் நான்.

ஊர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பலாபத்வெல வருகிறது. அங்கே றோட்டோரத்தில் கிடுகுக் கொட்டில் ஒன்றில் ஒரு சிங்களப் பெண் வளையல் பொரிப்பாள். அந்தக் காலைநேரத்தில் அடுப்பு மூட்டியிருக்கவில்லை. எனக்கு அந்த இடத்தைக் கடந்து போனாலே கை அரிக்கும். பக்கத்தில் இருந்த ஓரகத்தியிடம் சொன்னேன்:

"அக்கா, வரும்போது இங்க நிப்பாட்டி உங்களுக்கு வளையல் வாங்கித் தர்றேங்க. எங்க ஊர் வளையல். வேற எங்கயும் இப்படிக் கிடைக்காது."

அக்காவின் முகம் பூத்தது. "நெசமாவா? நானும் வந்த அன்னிக்கே நெனச்சேன். ரயில்ல வாரப்ப ஒரு ஸ்டேசன் பேரே உக்குவளைன்னு போட்டிருந்துச்சே. வளையலுக்குப் பேர்போன ஊருன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

எனக்கு அப்போதுதான் விளங்கியது, அக்கா கைக்கு என்று நினைத்துக்கொண்டார் என்று. உக்குவளை கண்டி றோட்டில் இருக்கிற எங்கள் பக்கத்து ஊர். இத்தனை வருஷம் அந்தப் பலகையைப் பார்க்கிறேன், அதற்குள் ஒரு வளை இருப்பது என் கண்ணில் பட்டதேயில்லை. உடனே திருத்தியிருக்கலாம். ஆனால் வாயைத் திறக்கக்கூடாது என்று கட்டளை வாங்கிக்கொண்டு நாலு நாளாகப் புழுங்கிக் கிடந்தவளுக்குக் கையில் ஒரு விளையாட்டு கிடைத்தால் விடுவாளா?

"ஒரு டசன் வாங்குவோமா அக்கா?"

"ஒரு டசன் போதும். என்ன கலருல இருக்கும்?"

"எல்லாம் ஒரே கலருங்க. நல்ல மண்ணெறம். மேல மினுமினுன்னு இருக்கும்."

"ஒடையாம ஊருக்குக் கொண்டு போயிரலாமா?"

"பக்குவமா டின்ல அடுக்கினா போகும். ஆனா ரெண்டு மூணு நாளுதான் தாங்கும்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ரெண்டு நாளுதான் தாங்குமா? என்னடி வளையல் அது?"

"சூட்டோட சூடா போட்டுக்கிட்டா ஒண்ணும் செய்யாதுங்க."

"சூட்டோடயா? கை பொத்துப் போவாதா?"

முன்னால் நானாவின் முதுகு குலுங்கியது. அவர் இருமுவதுபோல் சமாளித்துக்கொண்டு, "தங்கச்சி சென்னா சரியாத்தான் ஈக்கும், அக்கா. நாங்கெல்லாம் சின்ன வயசில இருந்தே போட்டுப் பழக்கம்" என்றார். ஆம்பளைகளும் போடுவார்களா என்று அக்கா வாயில் கைவைத்தார். என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்ததை நான் பார்த்தேன். அவர் சிரித்துப் பல நாளாகியிருந்தது. அதனாலேயே நான் விளையாட்டை நிறுத்தவில்லை. மூத்தாருக்கு மட்டும் இதொன்றும் காதில் ஏறவில்லை. அவர் வழியில் தெரிந்த வயல்களை எடைபோட்டுக்கொண்டு வந்தார்.

சீகிரியாக் குன்றில் மூத்தார் பாதிவழியில் இருக்கிற சிங்கப்பாதம் வரைக்கும் ஏறிவிட்டு, மேலே கல்லைத்தவிர என்ன இருக்கப்போகிறது என்று நிழலில் உட்கார்ந்தார். எனக்கும் அக்காவுக்கும் பாறைச் சுவரில் தீட்டியிருக்கிற பெண்களைப் பார்த்ததிலேயே மனம் நிறைந்துவிட்டது. அந்த இரும்புச் சுழல்படியில் ஏறும்போது அக்கா என் தோளை விடவில்லை. ஆனால் மேலே போய் நின்றதும் பயமெல்லாம் போய், சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவளுவ கையில பாரு, எத்தனை வளையல்" என்றார். "நீ சொன்னது இந்த மாதிரியா?"

"கிட்டத்தட்ட அக்கா" என்றேன். பொய் சொன்ன மாதிரியே தோன்றவில்லை.

கீழே வந்து கட்டுச்சோற்றைப் பிரித்தோம். மூத்தாருக்கு எங்கள் சமையலில் எதுவும் சரியில்லை. சம்பல் உறைப்பு, குழம்பில் தேங்காய்ப்பால் கூடுதல், தண்ணீரில் ஒரு வாடை. "இந்த ஊருல அப்படி என்னடா இருக்கு? மலையும் மழையும் அட்டையும்" என்றார். தம்பியைச் சீண்டிப் பேச வைக்கப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. தம்பி இலையை மடித்து வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். நான் பற்களைக் கடித்துக்கொண்டு தண்ணீர் குடித்தேன். அந்தத் தண்ணீரில் ஒரு வாடையும் இல்லை.

திரும்பி வருகிற வழியில்தான் அவர் நெருக்கினார். தம்புள்ளை தாண்டியதும் முன்சீட்டிலிருந்து முழுசாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"நாளன்னிக்கு நான் கெளம்புறேன். ஊருல நாலு பேரு கேப்பான். என்ன சொல்லட்டும்?"

"பாக்கலாம்ண்ணே."

"அதத்தான் அஞ்சு வருசமா கடுதாசியிலயும் எழுதறியே. வர்றேன்னு சொல்லு, இல்ல வரலைன்னு சொல்லு. வரலைன்னா உன்ன அடிச்சா இழுத்துட்டுப் போகப் போறேன்?"

என் வீட்டுக்காரர் மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. அதே நேரம் அழுகையும் வந்தது. இன்றைக்கு இவர் வாய் திறக்காவிட்டால், நாளைக்கு அண்ணன் முகத்துக்காக ஆமென்று சொல்லிவிடுவார். பிறகு என் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, நான் பார்த்தேயிராத ஊரைச் சொந்த ஊர் என்று சொல்லிக்கொண்டு நான் கப்பலேற வேண்டும். நாவுல, நாலந்தை என்று ஒவ்வொரு ஊராகப் பின்னால் போனது. நானா கியர் மாற்றுகிற சத்தம்தான் கேட்டது.

பலாபத்வெல வந்ததும் நானா யாரையும் கேட்காமலே காரை ஓரங்கட்டினார். "இந்தா ஈக்கிது வளையல் கடை. எறங்குங்க, எறங்குங்க. சூடா ஈக்கிற நேரம்" என்றார். இறுக்கத்தை உடைக்கத்தான் நிறுத்தினார், பாவம்.

கொட்டிலில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் பலகையில் உட்கார்ந்து, சிரட்டை ஓட்டையைப் பெருவிரலால் அடைத்து மாவை அள்ளுவதும், எண்ணெய்க்குமேல் கொண்டுபோய் விரலை எடுப்பதுமாக இருந்தாள். மாவு நூலாக இறங்கிச் சுற்றிக்கொண்டே போய் வளையமாகும். வெந்ததைக் குச்சியால் தூக்கிப் பக்கத்துச் சட்டியில் இருந்த பாணியில் போடுவாள். இரண்டு லொறிக்காரர்கள் நின்றபடி தின்றுகொண்டிருந்தார்கள். உளுந்தும் பாணியும் வேகிற வாசனை றோட்டின் அந்தப் பக்கம் வரைக்கும் நின்றது.

அக்கா சேலைத்தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஆசையாக இறங்கினார். கொட்டிலின் உள்ளே பார்த்தார், கூரையில் ஏதாவது தொங்குகிறதா என்று பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எங்கடி வளையல்?"

நான் சட்டியைக் காட்டினேன்.

அக்கா குனிந்து பார்த்தார். பாணிக்குள் மண்ணிறத்தில் மினுமினுவென்று வளையல்கள் மிதந்துகொண்டிருந்தன. பிறகு, "அடிப்பாவி, சூட்டோட போட்டுக்கணும்னியே, இதத்தானா?" என்று என் முதுகில் ஒன்று வைத்தார். வைத்த கையோடு சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. நானாவும் காலையிலிருந்து அடக்கிய சிரிப்பையெல்லாம் சேர்த்துச் சிரித்தார். என் வீட்டுக்காரரும் சிரித்தார்.

மூத்தார் சிரிக்கவில்லை. அவருக்கு இந்த விளையாட்டின் முன்கதை தெரியாது. அவர் பார்த்தது, தன் மனைவியை வைத்து நாங்கள் எல்லோரும் சிரிப்பதையும், இவ்வளவு நேரம் ஒரு வார்த்தைக்கு வழியில்லாத தம்பி வாய்விட்டுச் சிரிப்பதையும்தான். முகம் சிவந்துவிட்டது.

"சிரிக்கறதுக்கு மட்டும் வாய் வருதோ உனக்கு?" என்றார். "பொண்டாட்டி பின்னால ஒளிஞ்சுக்கிட்டு, ஆமான்னும் சொல்லாம இல்லைன்னும் சொல்லாம ஒரு ஆம்பள. பேசாம ரெண்டு கையிலயும் ரெண்டு வளையலப் போட்டுக்க."

தமிழ் தெரிந்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. ஓர் ஆண்பிள்ளையைப் பார்த்து, அதுவும் நடுத்தெருவில், நண்பனுக்கு முன்னால், சொல்லக்கூடாத பேச்சு அது. நானாவின் சிரிப்பு பாதியில் நின்றது. அக்கா, "என்னங்க இது" என்று முனகினார். எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாக்காவது, மண்ணாவது, என் வீட்டுக்காரரை இப்படிச் சொல்ல இவர் யார் என்று கேட்க ஓர் அடி எடுத்தும் வைத்துவிட்டேன்.

எனக்கு முன்னால் அந்தப் பெண்ணின் கை நீண்டது.

அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பஸ்சில் வருகிற எங்கள் ஆட்களுக்கு விற்று விற்று, தமிழில் எண்ணத் தெரியும். ரெண்டு, வளையல், இந்த இரண்டு சொல்தான் அவள் காதில் விழுந்தது. சத்தம்போட்ட பெரியவர் இவருக்குத்தான் கேட்கிறார் என்று அவர் கை காட்டிய பக்கத்தை வைத்துத் தெரிந்துகொண்டாள். வாழையிலைத் துண்டில் இரண்டு வளையலை எடுத்து வைத்து, பாணி சொட்டச் சொட்ட என் வீட்டுக்காரரிடம் நீட்டினாள்.

"இந்தா முதலாளி, ரெண்டு. உணு உணு" என்றாள். சுடச்சுட இருக்கிறது என்று.

என் வீட்டுக்காரர் இலையை வாங்கிக்கொண்டார். அதிலிருந்த இரண்டையும் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் காதுமடல் சிவந்திருந்தது. இலையைக் கீழே போட்டுவிட்டுக் காரில் போய் உட்காரப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அப்படித்தான் அவர் எப்போதும் செய்வார். அன்றைக்குச் செய்யவில்லை. ஒன்றை எடுத்து முழுசாக வாயில் போட்டார். சூடு தாங்காமல் கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனாலும் மென்றார். பாணி தாடையில் வழிந்தது. துடைக்கவில்லை. இரண்டாவதையும் எடுத்துப் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினார். நாங்கள் எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"போட்டுக்கிட்டேன்ண்ணே" என்றார். "ரெண்டும்."

லொறிக்காரர் ஒருவர் தும்மினார்.

"இப்பச் சொல்றேன், கேட்டுக்குங்க. நீங்க எப்பக் கூப்பிட்டாலும் நான் வந்து நிப்பேன். ஒரு நல்லது கெட்டதுன்னா அடுத்த கப்பல்ல வந்து நிப்பேன். ஆனா நிக்கத்தான் வருவேன், இருக்க வரமாட்டேன். நான் இங்கதாண்ணே இருப்பேன். அப்பா கெடக்கிற ஊரு. நான் இந்த ஊர்க்காரன்."

அண்ணன் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார். எத்தனையோ வருஷம் அவரோடு வாழ்ந்துவிட்டேன். வீடு கட்டியபோதும் பிள்ளைகள் படித்து முன்னேறியபோதும் பெருமைப்பட்டிருக்கிறேன். அந்தப் பலாபத்வெல றோட்டோரத்தில், தாடையில் பாணி வழிய நின்ற அந்த மனுஷனைப் பார்த்துப் பட்ட பெருமைக்கு அதெல்லாம் கிட்ட வராது. இவர் என் வீட்டுக்காரர் என்று அந்த லொறிக்காரர்களிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. என் தலைப்பை எடுத்து, எல்லோர் முன்னாலும் அவர் தாடையைத் துடைத்துவிட்டேன். அதுவும் எங்களில் வழக்கமில்லாத காரியம்தான்.

மூத்தார் றோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு பஸ் போனது. அப்புறம் அக்கா போய், தானே ஒரு வளையலை வாங்கி, ஊதி ஊதி ஆற்றி, அவர் கையில் வைத்தார். "வெறுங்கையோட நிக்காதீங்க. நீங்களும் ஒண்ணு போட்டுக்குங்க" என்றார். அக்காவுக்கு அவ்வளவு தைரியம் உண்டென்று அன்றைக்குத்தான் தெரியும்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடித்தார். எங்கள் ஊரில் பழகாதவர்களுக்கு நடப்பதுதான் அவருக்கும் நடந்தது. பாணி பீறிட்டு அவருடைய வெள்ளைச் சட்டையில் மார்புவரை தெறித்தது. யாரும் சிரிக்கத் துணியவில்லை. அவர் குனிந்து சட்டையைப் பார்த்தார், மீதியை வாய்க்குள் தள்ளினார், மென்றார்.

"உளுந்து நம்ம உளுந்துதான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா நம்ம பக்கம் இப்படிச் செய்யறதில்ல" என்றார்.

அவர் வாயிலிருந்து மாத்தளையைப் பற்றி வந்த முதல் நல்ல வார்த்தை அது. வீடு வந்து சேரும்வரை காருக்குள் முன்னே இருந்த இறுக்கம் இல்லை. இறங்கும்போது நானாவிடம், "நாளைக்கு ஒரு நடை அந்தப் பக்கம் போக முடியுமா?" என்று மெல்லக் கேட்டார். எதற்கென்று சொல்லவில்லை.

நாங்கள் அந்த வாரமே இந்த நாட்டுக்கு விண்ணப்பம் போட்டோம். அதற்குப் பதில் வருவதற்குள் என் தலையில் பாதி நரைத்துவிட்டது. கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினோம். நான் யார் யாரிடம் என்னென்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதினால் பேரப்பிள்ளைகள் படிக்கக்கூடாது. ஆனால் ஒருநாளும், அங்கேயே போயிருக்கலாமோ என்று என் வீட்டுக்காரர் சொல்லிக் கேட்டதில்லை. சாகும்வரை மாசி மகத்துக்கு அம்மன் தேர் வடம் பிடித்தார். அண்ணன் காலமானபோது, சொன்ன மாதிரியே அடுத்த கப்பலில் போய் நின்றார். காரியம் முடிந்து திரும்பி வந்தார்.

மூத்தாரையும் அக்காவையும் ரயிலேற்றப் போன காலையைச் சொல்லி முடிக்கிறேன். மாத்தளை ஸ்டேஷனில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றோம். அக்கா கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டிருந்தார். ஊருக்குப் புறப்படுகிற பெண்ணை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதென்று நான் கடைத்தெருவில் வாங்கிப் போட்டுவிட்டது, பச்சையும் சிவப்புமாக. மூத்தார் பெட்டி படுக்கையெல்லாம் தம்பியிடம் கொடுத்துவிட்டு, பெரிய பிஸ்கட் டின் ஒன்றை மட்டும் தன் கையிலேயே வைத்திருந்தார். முந்தின நாள் நானாவோடு பலாபத்வெலவுக்குப் போய்வந்தபோது கொண்டுவந்தது. அதை யாரிடமும் கொடுக்கவில்லை.

டிக்கெட் பார்க்கிறவர் எங்கள் தெருக்காரர். டின்னை மூத்தார் அணைத்துப் பிடித்திருக்கிற விதத்தைப் பார்த்து, "ஐயா, டின்ல என்னங்க?" என்று கேட்டார்.

"வளையல்" என்றார் மூத்தார்.

எங்கள் ஊர்க்காரருக்கு வேறென்ன கேட்கத் தெரியும்? "கைக்கா, வாய்க்கா?"

மூத்தார் பதில் சொல்லுமுன் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. குரல் மட்டும் அந்த ஸ்டேஷன் முழுக்கக் கேட்கிற மாதிரி வந்தது.

"வாய்க்குத்தான். என் தம்பி ஊரு வளையல்" என்றார்.